வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு டிவியில் என்ன போட்டு வைப்பது?

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், வெளியே அவ்வளவாகப் போக முடியவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே யோசனைதான் வருகிறது: "பக்தி சேனலும் பழைய பாட்டும் போட்டு விடுங்க, அவங்க பாட்டுக்கு இருப்பாங்க." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எண்பது வயதானவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்லும் யோசனை இது. டிவியில் என்ன ஓட வேண்டும் என்பதை அவருடைய வயதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவர் என்ன வேலை பார்த்தார், எதைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்தாமல் பேசுவார், எந்த ஊர்த் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போனார் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மதுரையில் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நடை வீட்டுக்குள் மட்டும்தான். இடையில் கொஞ்ச காலம் மறதி நோய் வந்த பெரியம்மாவும் எங்களோடு இருந்தார். மூன்று பேருக்கும் ஒரே டிவி. ஆனால் மூவருக்கும் அதிலிருந்து வேண்டியது வேறு வேறு. அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் கடைவீதி, பணிமனை வாசல், டீக்கடை என்று வெளியேதான் இருந்தார். மூச்சிரைப்பு வந்த பிறகுதான் வீடு. ஆரம்பத்தில் செய்திச் சேனலை வைத்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவார். ஒரு நாள் என் மகன் யூடியூபில் பழைய டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டும் வீடியோ ஒன்றைப் போட்டான். பேச்சே இல்லாத வீடியோ. இரண்டு கை, ஸ்பானர், கிரீஸ், துரு. அவ்வளவுதான். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த நட்டை அப்படித் திருகக் கூடாதுடா, திரெட் போயிடும்" என்று டிவியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். திரையில் இருந்தவர் கொஞ்ச நேரத்தில் அதையே செய்து, நட்டு வழுக்கி, வேறு வழி பார்க்க, அப்பா பேரனைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் பேசியது போல் அதற்கு முன் பல மாதங்களாகப் பேசியதில்லை.

அதிலிருந்து அவருக்கென்று நாங்கள் தேடுவது எல்லாம் அந்த வழியில்தான். ரயில் இன்ஜின், பாலம் கட்டுவது, பழைய வாகனங்களைப் புதுப்பிப்பது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும்போது இஸ்ரோ நேரலை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை முழுசாக உட்கார்ந்து பார்த்தார். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அவருடைய அப்பா ரயில்வேயில் டெக்னீசியன் என்று செய்தியில் சொன்னதும் அப்பாவுக்கு வந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஒரு வாரம் அதே பேச்சு.

விளையாட்டும் அப்படித்தான். கிரிக்கெட் எல்லா வீட்டிலும் ஓடும், ஆனால் அப்பா இளவயதில் ஆடியது கபடி. 2014-ல் ப்ரோ கபடி வந்தது, 2017-ல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்தது. தமிழ் வர்ணனையோடு கிடைக்கிறது. ஆட்டம் நாற்பதே நிமிடம் என்பதால் வயதானவர்களுக்குத் தோதான நீளம். கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு டெஸ்ட் மேட்சை நான் சிபாரிசு செய்வேன். நடுவில் எழுந்து சாப்பிட்டு, குளித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தாலும் எதுவும் விட்டுப்போகாது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் விரும்பிப் பார்ப்பது 2019-ல் தமிழக அரசு ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சி. பத்தாம் வகுப்புப் பாடம் நடக்கும்போது கையில் நோட்டு வைத்துக்கொண்டு கூடவே கணக்குப் போடுகிறார். ஊரில் சித்தப்பாவுக்கு தூர்தர்ஷன் காலத்து 'வயலும் வாழ்வும்' மாதிரி விவசாய நிகழ்ச்சிகள்தான் உயிர். இப்போது அவர் யூடியூபில் இயற்கை விவசாயம், நாட்டு மாடு என்று பார்க்கிறார். இவர்கள் யாரிடமும் போய் "வயசாயிடுச்சு, பக்திப் பாட்டு கேளுங்க" என்று நான் சொல்ல மாட்டேன்.

அம்மா விஷயத்தில் பக்தி உண்டு. ஆனால் நாள் முழுக்க ஓடும் பிரசங்கம் அவருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது திருவிழா. யானைமலை அடிவாரத்துக் கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நடந்தே வைகைக்குப் போனவர். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் சித்திரையில், கூட்டத்தை நினைத்தே பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் முதல் நாளே, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நேரலையைப் போட்டோம். மறுநாள் விடியற்காலை அவரே எங்களை எழுப்பினார். குளித்து, சேலை மாற்றி, ஒரு சின்னச் செம்பில் சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆற்றங்கரையில் பெண்கள் எல்லாரும் கையில் ஏந்தி நிற்பார்களே, அதே சர்க்கரைச் செம்பு. தங்கக் குதிரையில் அழகர் திரையில் தெரிந்ததும் முதலில் பார்த்தது பட்டு என்ன நிறம் என்பதைத்தான். "பச்சைதாண்டி! இந்த வருஷம் மழை இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சூடத்தை ஏற்றினார். பிறகு அந்தச் சர்க்கரையை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். வாங்கியவர்கள் அதைச் சாக்காக வைத்து அம்மாவைப் பார்க்க வந்தார்கள். வீட்டில் அன்று முழுக்க ஆட்கள். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், அன்று ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் வரைக்கும் கணக்காகக் கேட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு நான் செய்த வேலை, தினசரிக் காலண்டரில் நேரலை வரும் நாட்களைச் சிவப்பு மையில் குறித்து வைத்தது. தை மாதம் பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. இதில் அப்பாவும் சேர்ந்துகொள்வார். அதே குளிர்காலத்தில் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை. ஜனவரி 26 டெல்லி அணிவகுப்பு. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணமும் அழகரும். ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம். கார்த்திகையில் மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரத் திருவண்ணாமலை மலை உச்சியில் தீபம். மார்கழியில் விடியும் முன்னே ஸ்ரீரங்கம் பரமபத வாசல். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் மாமியாருக்கும் ஒரு காலண்டர் குறித்துக் கொடுத்தேன். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அவர் வீட்டில் மாதா டிவிதான்.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன். ஒரு நாளைக்கு முன்பிருந்தே எதிர்பார்ப்பு இருக்கிறது. பூ வாங்க வேண்டும், நைவேத்தியம் செய்ய வேண்டும், யாருக்காவது போன் போட்டுச் சொல்ல வேண்டும். எல்லா நாளும் ஒரே மாதிரி போகும் வீட்டில், எதிர்பார்த்திருக்க ஒரு தேதி இருப்பது பெரிய விஷயம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பக்தி சேனலால் அதைத் தர முடியாது.

சரி, என்ன பார்ப்பது என்பது ஒரு பக்கம். பார்ப்பது காதில் விழ வேண்டுமே.

அம்மா டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். தெருமுனை வரை கேட்கும், ஆனாலும் "என்ன சொன்னான்?" என்று கேட்பார். வயதில் வரும் காது மந்தத்தில் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். உயிரெழுத்தின் ஓசை நன்றாகக் கேட்கும். க, ச, த, ப மாதிரி மெய்களின் ஓசை மங்கிவிடும். 'கட்டினான்', 'தட்டினான்' இரண்டும் ஒன்று போலக் காதில் விழும். அதனால் சத்தத்தைக் கூட்டினால் சத்தம்தான் கூடும், பேச்சு தெளியாது. சீரியலில் பின்னணி இசை வேறு வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் செய்ய வேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுவது. வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். அதை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். அம்மாவுக்கு ஒரு காதில் அப்படித்தான் இருந்தது. இன்னொரு காதுக்குக் கேட்புத்திறன் சோதனை செய்து மெஷின் வாங்கினோம். டிவி பக்கம் செய்தவை மூன்று. சவுண்டு செட்டிங்கில் போய் 'கிளியர் வாய்ஸ்' மாதிரி பேச்சைத் தூக்கிக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். பெரும்பாலான புது டிவிகளில் இது இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. அடுத்து, இப்போது வரும் தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலோ இருப்பதால் சத்தம் சுவரில் முட்டித்தான் வருகிறது. ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கி அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தோம். வீட்டில் மற்றவர்களுக்குத் தலைவலி நின்றது. மூன்றாவது, அவர் டிவி பார்க்கும்போது மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, சமையலறைக் கதவைச் சாத்தி, குக்கர், மிக்ஸி சத்தத்தை அடக்கினோம். காசு செலவில்லாத இதுதான் அதிகம் உதவியது. ப்ளூடூத் ஹெட்போன் சிலருக்குச் சரிப்படும். சிலதில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாகத் தாமதமாக வரும். வாங்கும் முன் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கண்ணுக்கும் கழுத்துக்கும் ஒரு வார்த்தை. டிவியைச் சுவரில் உயரமாக மாட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் அதைப் பார்க்க முகவாயைத் தூக்கிக்கொண்டு உட்காருவார்கள். இரண்டு மணி நேரம் அப்படி இருந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? உட்கார்ந்த நிலையில் கண் மட்டத்துக்கு டிவி இறங்கி வர வேண்டும். நாங்கள் தச்சரைக் கூப்பிட்டு இறக்கினோம். ஜன்னலுக்கு எதிரே திரை இருந்தால் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். புரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்ப்பதும் வேண்டாம். திரைக்குப் பின்பக்கம் ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். எழுந்து நடக்கும்போது தரையும் தெரியும்.

ரிமோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் டிவியையே விட்டுவிடுவதற்கு முதல் காரணம் அதுதான். அலுவலகத்தில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வரும். "தாயி, டிவி ஓடல. சிக்னல் இல்லைன்னு வருது." கேபிள் போகவில்லை, டிவியும் கெடவில்லை. டிவி ரிமோட்டில் உள்ள 'சோர்ஸ்' பட்டனில் கை பட்டிருக்கும். படம் செட்டாப் பாக்ஸிலிருந்து வேறு இணைப்புக்கு மாறிவிடும். அதை மறுபடி கொண்டுவரத் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சாயந்திரம் வரை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் டிவியை ஆன் செய்வதையும் சத்தத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கேபிள்காரரோ டிடிஎச் ஆளோ வந்தால் செய்து தருவார். அப்புறம் டிவி ரிமோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. மிச்சமிருக்கும் ரிமோட்டில் தேவையில்லாத பட்டன்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார் அப்பா. அவர் யோசனைதான் அது. ஆன் பட்டனில் என் மகள் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு பெரிய பொட்டு வைத்தாள். காய்ந்ததும் தடவினாலே தெரிகிறது, கண்ணாடி வேண்டாம். சேனல் எண்களை அட்டையில் விரல் நீளத்துக்கு எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினோம். மொத்தம் எட்டு சேனல்தான் எழுதினோம், அதுவே போதும். யூடியூபுக்குக் குரல் பட்டன் இருந்தால் தமிழிலேயே சொல்லித் தேடலாம் என்பதை மறக்காமல் சொல்லிக்கொடுங்கள். பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும். அப்பா இப்போது யாரையும் எதிர்பார்க்காமல் "பழைய பஸ் இன்ஜின்" என்று சொல்லித் தானே எடுத்துக்கொள்கிறார்.

சீரியலைப் பற்றி எல்லாரும் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அம்மா சாயந்திரம் பார்க்கும் சீரியலை எதிர்வீட்டுப் பாக்கியம் அத்தையும் பார்க்கிறார். காலையில் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து, "அவ அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்று அரை மணி நேரம் வழக்குத் தீர்க்கிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகவே அந்த சீரியல் ஓடலாம். நான் பார்த்துக்கொள்வது இரண்டு விஷயம். ஒன்று, ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வருவதை மறுநாள் பகலில் மறுஒளிபரப்பிலோ செயலியிலோ பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, அவசரம். விளம்பரம் வந்தவுடன் பாத்ரூமுக்கு ஓடிப்போய் ஓடி வருகிறார்களே, அதில்தான் வழுக்கி விழுகிறார்கள். "போனால் போகட்டும், நாளைக்குக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மாவின் அவசரம் குறைந்தது. டிவிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் மிதியடி, ஒயர், ஸ்டூல் எதுவும் இருக்கக் கூடாது.

செய்திக்கு மட்டும் நான் கண்டிப்பு. ஒரு நாளைக்கு ஒரு அறிக்கை, அதுவும் படுக்கப் போகும் நேரத்தில் கிடையாது. 2024 ஜூலை கடைசியில் வயநாடு நிலச்சரிவு நடந்தபோது அதே காட்சிகளை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நமக்கு அது ஒரு சம்பவம். பகல் முழுக்க டிவி முன்னால் இருப்பவருக்கு அது ஐம்பது தடவை நடந்த மாதிரி. அம்மா இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. நாட்டு நடப்பு தெரிய வேண்டும் என்று விரும்புபவருக்குச் செய்தித்தாளும் ஒரு அறிக்கையும் போதும். கத்திச் சண்டை போடும் விவாதம் தேவையில்லை.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பொருந்தவில்லை. மறதி நோயில் திரையில் இருப்பவர்கள் திரைக்குள்தான் இருக்கிறார்கள் என்பதே சில சமயம் மறந்துபோகும். ஒரு சீரியலில் கல்யாண வீட்டுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா எழுந்து சமையலறைக்கு வந்து, "ஏத்தா, இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க, ஒரு வாய் காபி குடுத்தியா?" என்றார். குரலில் உண்மையான கவலை. "அது டிவி பெரியம்மா" என்று சொன்னால் முகம் வாடிவிடும். "இதோ கலக்கிட்டேன் பெரியம்மா, நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, போய்ப் பாட்டு சேனலுக்கு மாற்றினோம். சண்டை, அழுகை, துப்பாக்கி வரும் எதையும் அவர் முன்னால் ஓட விடுவதில்லை. கதை இல்லாத நிகழ்ச்சிகள் நன்றாகப் போயின: தமிழில் பேசும் விலங்கு நிகழ்ச்சிகள், யானைக்கூட்டம், பறவை, கடல். பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டுகளுக்கு மட்டும், என் பெயரே நினைவில்லாதவர், சரணம் வரை வரி பிசகாமல் பாடுவார். பக்தி, பழைய பாட்டு என்ற யோசனை பொருந்தியது பெரியம்மா ஒருவருக்குத்தான்.

அவருக்காகச் செய்த இன்னும் சில: சாப்பிடும்போது டிவி அணைந்திருக்கும், இல்லாவிட்டால் சாப்பிடவே மறந்துவிடுவார். சாயந்திரம் இருட்டும் நேரத்தில் தடுமாற்றம் கூடும் என்பதால் அப்போது வெளிச்சம் நிறைய, சத்தம் குறைவு. அணைத்த திரையில் தெரியும் தன் நிழலையே யாரோ என்று பயந்தார், அதனால் ஒரு துணியைப் போட்டு மூடினோம். பார்க்கும்போது கையில் ஒரு வேலையும் கொடுப்போம். பூத் தொடுக்கச் சொல்லி உதிரி மல்லியையும் நாரையும் கொடுத்தால் கண் திரையில் இருக்க, விரல் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகும்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்கு ஆறு வருஷத்தில் சொற்களை நினைவில் வைக்கும் திறன் கூடுதலாகக் குறைந்திருந்தது. டிவிதான் காரணம் என்று அதை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள அது உதவுகிறது. எங்கள் வீட்டில் திருவிழா நாட்களைத் தவிர காலையில் டிவி கிடையாது. மதியம் கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம்.

நேரத்தைவிட எனக்குக் கவலை உட்கார்ந்தே இருப்பதுதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், விழாமல் நிற்பதற்கான பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. வெளியே நடக்க முடியாதவர்களுக்கு இதற்கு நல்ல சமயம் விளம்பர நேரம்தான். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நிற்பது, உட்காருவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி மடக்குவது. அம்மாவுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறார். உங்கள் வீட்டில் உள்ளவருக்கு எது ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி முக்கியம். சோபாவில் புதைந்து உட்கார்ந்தால் இடுப்பு ஆபரேஷன் ஆனவரால் எழுந்திருக்கவே முடியாது. பாதம் தரையில் படும் உயரம், கனமான மரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்துவிடும், வேண்டாம். முறுக்கு டப்பாவை டிவி பக்கத்திலிருந்து எடுத்துச் சமையலறையில் வையுங்கள். அந்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும்.

விளம்பரங்களையும் ஒரு கண் பார்க்க வேண்டும். மூட்டு வலித் தைலம், சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் மருந்து, அதிர்ஷ்டக் கல் என்று அரை மணி நேரம் ஓடும் நிகழ்ச்சிகளை நிஜ மருத்துவ நிகழ்ச்சி என்று நம்பி, கீழே ஓடும் எண்ணுக்குப் போன் செய்துவிடுகிறார்கள். அம்மாவும் ஒரு எண்ணெய்க்கு ஆர்டர் கொடுத்தார். வந்தது மூலிகை வாசனை அடிக்கும் ஏதோ ஒரு எண்ணெய். வலி அப்படியேதான் இருந்தது. சர்க்கரை நோய் உட்படப் பல நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. இதைச் சொன்னதும் அம்மாவே யோசித்தார்: "அப்ப இவங்க எப்படிம்மா தைரியமாக் காட்டுறாங்க?" பொருள் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. போன், ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனால் உடனே 1930. முதியோர் உதவி எண் 14567. இந்த மூன்றையும் சேனல் அட்டையின் கீழேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வந்த கட்டண முறைப்படி சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பார்க்காத முப்பது சேனலுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் நிஜமாகப் பார்ப்பவற்றை ஒரு வாரம் குறித்து வைத்து, அதன்படி பேக்கை மாற்றச் சொல்லுங்கள். ஊரில் தனியாக இருப்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் உண்டு, மாதக் கட்டணம் இல்லை. தமிழ் சேனல் அதில் குறைவு, ஆனால் பொதிகை என்று நாம் பழகி, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்று பெயர் மாறியது கிடைக்கும்.

பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் தம்பி அபுதாபியில் இருக்கிறான். முன்பெல்லாம் போன் செய்தால் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பான், அப்பா "ம்" என்பார், இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். இப்போது அவனும் கபடி ஆட்டத்தை அங்கே செல்போனில் பார்க்கிறான். முடிந்ததும் கூப்பிட்டு, "அந்தக் கடைசி ரெய்டுக்கு ஏன்பா அவனை அனுப்பினாங்க?" என்று கேட்கிறான். அப்பா விளக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகிறது, நடுவிலே அம்மா போனை வாங்கி சீரியலையும் சொல்லிவிடுகிறார். பெரியவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதில் ஏதாவது ஒன்றையாவது நீங்களும் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள்.